திப்புவை எந்தக் கோலால் அளப்பது?

திப்பு சுல்தான் விடுதலை வீரரா, மதவெறியரா? இண்டூரில் நம் இளைஞர் சிலரிடையே அண்மையில் இக்கேள்வி சூடாக எழுந்தது. வீரர் என்றோர் மங்களூர்க் கத்தோலிக்கரை மறந்தனர். வெறியர் என்றோர் சிருங்கேரியை மறந்தனர். இரண்டையும் ஒருசேரச் சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை.

நாம் சொல்லிவிடுவோம். 1784ஆம் ஆண்டு, இரண்டாம் மைசூர்ப் போர் முடியும் தறுவாயில், ஆங்கிலேயருக்குத் துணைபோனார்கள் என்ற ஐயத்தின் பேரில் கனராக் கத்தோலிக்கரைத் திப்பு கூட்டங்கூட்டமாகச் சிறைப்பிடித்தார். அது சாம்பற் புதன் என்பது அம்மக்களின் நினைவு. சீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் செல்லப்பட்டோரில் வழியிலேயே மாண்டோர் பலர். வற்புறுத்தி மதம் மாற்றப்பட்டோர் பலர். ஆலயங்கள் இடிக்கப்பட்டன. 1799 மே 4 அன்று திப்பு வீழ்ந்த பின்னரே எஞ்சியோர் ஊர் திரும்பினர்.

போர்க்காலம் அப்படித்தான் என்பர் சிலர். சிலர் காட்டிக்கொடுத்ததாகவே கொள்வோம். பால்குடி மாறாப் பிள்ளை யாரைக் காட்டிக்கொடுத்தது?

அதே திப்பு, 1791இல் மராட்டியக் குதிரைப்படை சிருங்கேரி மடத்தைக் கொள்ளையிட்டபோது, சாரதாம்பாள் திருவுருவை மீண்டும் நிறுவப் பொருள் அனுப்பினார். எதிர்த்த குடகரையும் மலபார் நாயர்களையுமோ நம்மவரைப் போலவே வாட்டினார். பணிந்தோரைக் காத்தார், ஐயுற்றோரை ஒடுக்கினார். அரசியல்தான் அது. ஆனால் அரசியல் என்றதும் பாவம் கரைந்துவிடுமா?

வென்றவர் கதையையும் கேட்போம். நம் இண்டூர் அடங்கிய பாராமகால் 1792 வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. அவ்வாண்டு உடன்படிக்கையில் காரன்வாலிஸ், இம்மண்ணோடு திப்புவின் இரு சிறு மகன்களையும் பிணையாகக் கொண்டுபோனார். நிலவரி ஒழுங்கு செய்த மன்றோவைப் புகழும் நாம், அச்சிறுவர்களைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை.

2015இல் கருநாடக அரசு திப்பு விழா எடுத்தது. 2019இல் வந்த அரசு அதனைக் கைவிட்டது. இச்சச்சரவில் நம் முன்னோரின் கண்ணீரை இரவல் கேட்போர் பெருகிவிட்டனர். கொடுக்கமாட்டோம். தருமபுரிக் கடைத்தெருவில் வணிகம் செய்யும் இசுலாமியச் சகோதரர் 1784க்கு எவ்வாறு பொறுப்பாவார்? ஒருவன் பழியை ஓரினத்தின் தலையில் ஏற்றுவதைத்தானே திப்புவின் குற்றம் என்கிறோம்!

இண்டூர் இளைஞர் மீண்டும் கூடும்போது இசுலாமிய நண்பர்களையும் அழைக்கட்டும். மங்களூர்க் கதையை அவர்கள் முன்னிலையிலேயே, குரல் தாழ்த்தாமல் சொல்லட்டும். அவர்கள் சொல்வதையும் கேட்கட்டும்.