லென்ஸ் பொருத்தப்படவில்லை

முதலில் ஒரு கழித்தல் கணக்கு. பென்டாக்ஸ் கே மவுண்ட் கேமராவில், லென்ஸ் வந்து உட்காரும் உலோக வளையத்துக்கும் பின்னால் ஃபிலிம் இருக்கும் இடத்துக்கும் நடுவே 45.46 மில்லிமீட்டர். சோனி ஈ மவுண்ட் கேமராவில் வளையத்திலிருந்து சென்சார் வரை 18 மில்லிமீட்டர். கழித்தால் 27.46. அந்த நீளத்துக்கு ஓர் அலுமினியக் குழாய், முன்பக்கம் ஒருவகை வளையம், பின்பக்கம் இன்னொருவகை வளையம், உள்ளே வெறும் காற்று. இதுதான் லென்ஸ் அடாப்டர். நான் வாங்கியது 1,400 ரூபாய்.

சங்கரன்கோவிலில் ஸ்டுடியோ வைத்திருந்த என் தாய்மாமாவின் பென்டாக்ஸ் கே1000 கேமராவும் அதோடு வந்த 50எம்எம் எஃப்/2 லென்ஸும் பல வருடமாக பீரோவில் கிடந்தன. மிரர்லெஸ் கேமரா வாங்கப் போனபோது அந்த லென்ஸைப் பையில் எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரத் தம்பி அதைக் கையில் வாங்கக்கூட இல்லை. "சார், இதெல்லாம் அவுட்டேட்டட் சார். புது பாடில சேராது. சேந்தாலும் குவாலிட்டி வராது." பிறகு கண்ணாடி அலமாரியைத் திறந்து புது 50எம்எம் ஒன்றை எடுத்து வைத்தான். அதன் விலையில் என் அடாப்டர் போல ஐம்பது வாங்கலாம்.

சேராது, சேர்ந்தாலும் குவாலிட்டி வராது. ஒரே மூச்சில் இரண்டு பொய். அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமில்லை, அவனுக்கு மாச டார்கெட் இருக்கும். ஆனால் இந்த இரண்டு வாக்கியங்களையும் யூட்யூபில், ஃபோட்டோ கிளப்பில், நன்றாகப் படித்த நண்பர்களின் வாயில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால் கொஞ்சம் சத்தமாகவே பேசப்போகிறேன்.

பழைய எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கும். நாம் வ்யூஃபைண்டரில் பார்ப்பது அந்தக் கண்ணாடி மேலே அனுப்பும் வெளிச்சத்தை. பட்டனை அழுத்தினால் கண்ணாடி மேலே எழும்ப வேண்டும், எழும்ப இடம் வேண்டும். அந்த இடத்துக்காகத்தான் லென்ஸை முன்னால் தள்ளி வைத்தார்கள். நிக்கான் எஃப் 46.5, கேனன் ஈஎஃப் 44, ருஷ்யாக்காரர்களும் ஜெர்மானியர்களும் ஜப்பானியர்களும் பொதுவில் புழங்கிய எம்42 திருகு மவுண்ட் 45.46. மிரர்லெஸ்ஸில் கண்ணாடியே இல்லை, அதனால் தள்ளி வைக்கும் அவசியமும் இல்லை. நிக்கான் இசட் 16 மில்லிமீட்டர், சோனி ஈ 18, கேனன் ஆர்எஃப் 20. மிச்சப்பட்ட தூரத்தில் ஒரு குழாயை வைத்தால் பழைய லென்ஸ் தனக்குப் பழக்கமான தொலைவிலேயே நிற்கும். தான் இடம் மாறியதே அதற்குத் தெரியாது.

குவாலிட்டி வராது என்பவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: காற்று எப்படி குவாலிட்டியைக் கெடுக்கும்?

கெடுக்கும் விஷயங்கள் இருக்கின்றன, மறைக்க மாட்டேன். மலிவான குழாயில் லென்ஸ் லொடலொடவென்று ஆடும். வளையம் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தால் படத்தின் ஒரு ஓரம் மட்டும் மங்கும். உட்சுவர் பளபளவென்றிருந்தால் வெளிச்சம் சிதறி, கறுப்பு சாம்பலாகிவிடும் (உள்ளே கறுப்பு வெல்வெட் தாள் ஒட்டினால் தீர்ந்தது, நான் ஒட்டியிருக்கிறேன்). முடிவிலிக்கு ஃபோகஸ் எட்டாமல் போய்விடக் கூடாதே என்று பல குழாய்களைச் சற்றே குட்டையாகச் செய்கிறார்கள். அதனால் லென்ஸின்மேல் பொறித்த தூர அளவுகள் பொருந்தாது. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்குச் செய்த அகலக்கோண லென்ஸ்கள் ஃபிலிமுக்கு மிக அருகே உட்காருபவை. அவற்றிலிருந்து ஓரங்களுக்குச் சாய்ந்து வரும் வெளிச்சம் சென்சார்மேலுள்ள கண்ணாடிப் படலத்தில் தடுமாறும், மூலைகள் குழம்பும். இவ்வளவுதான் பட்டியல். என் மாமாவின் 50எம்எம் இதில் கடைசி வகையும் இல்லை. எஃப்/5.6இல் எடுத்து 12க்கு 18 அளவில் பிரின்ட் போட்டு வீட்டில் காட்டினேன். எந்த லென்ஸ் என்று யாரும் கேட்கவில்லை. சித்தி மட்டும் தான் குண்டாகத் தெரிவதாகச் சொன்னார்.

இன்னொன்று. ஃபிலிம் கேமராவைவிட மிரர்லெஸ்ஸில் கையால் ஃபோகஸ் செய்வது எளிது. திரையில் பிம்பத்தைப் பெரிதாக்கிக் கண்ணிமையை எண்ணலாம். கூர்மையான விளிம்புகளில் கலர் கோடு காட்டும் பீக்கிங் வசதி உண்டு. பாடிக்குள்ளேயே கை நடுக்கத்தைத் தாங்கும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால், 50 என்று மெனுவில் கொடுத்துவிட்டால் போதும், 1980களின் லென்ஸுக்கும் அது வேலை செய்யும். பழைய லென்ஸுக்கு இப்படியொரு வீடு அது பிறந்த காலத்தில்கூட வாய்த்ததில்லை. அதைத்தான் அவுட்டேட்டட் என்கிறான்.

சரி, பொய் எங்கிருந்து வருகிறது? இங்கே கடைக்காரரை விட்டுவிட்டு மேலே போகவேண்டும்.

1987இல் கேனன் தன் எஃப்டி மவுண்டைக் கைவிட்டு ஈஎஃப் என்ற புது மவுண்டைக் கொண்டுவந்தது. எஃப்டி 42 மில்லிமீட்டர், ஈஎஃப் 44. இரண்டு மில்லிமீட்டர் எதிர்த்திசையில். கழித்தால் மைனஸ் வரும், மைனஸ் நீளத்துக்குக் குழாய் செய்ய முடியாது. சில டெலி லென்ஸ்களுக்கு மட்டும் கண்ணாடி வைத்த ஒரு கன்வெர்ட்டரைக் கேனனே செய்தது, மற்ற எஃப்டிக்காரர்கள் அம்போ. ஆனாலும் அந்த முடிவில் ஒரு நேர்மை இருந்தது என்று நினைக்கிறேன். ஈஎஃப் மவுண்டில் பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே நெம்புகோல் கிடையாது, எல்லாம் மின்சாரம். 2018இல் ஆர்எஃப் வந்தபோது அந்தப் பழைய முடிவு பலன் கொடுத்தது. கேனனின் சொந்த அடாப்டரில் ஈஎஃப் லென்ஸ்கள் ஆட்டோஃபோகஸோடு சொந்த வீட்டில் போலவே வேலை செய்கின்றன. பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிட்டேன்.

நிக்கான் கதை வேறு. 1959இலிருந்து ஒரே எஃப் மவுண்ட் என்பது அவர்களுடைய பெருமை. அவர்களின் ஏஎஃப்-டி லென்ஸ்களில் மோட்டார் கிடையாது. பாடியில் இருக்கும் மோட்டார், ஸ்க்ரூ டிரைவர் மாதிரியான ஒரு முனையால் லென்ஸைத் திருகி ஃபோகஸ் செய்யும். ஏஎஃப் 50எம்எம் எஃப்/1.8டி என்றால் தெரியாத கல்யாண போட்டோகிராபர் நம் ஊரில் குறைவு. 2006இல் வந்த டி40இலிருந்து விலை குறைந்த பாடிகளில் அந்த மோட்டாரை எடுக்க ஆரம்பித்தார்கள். 2018இல் இசட் மவுண்டோடு எஃப்டிஇசட் அடாப்டர் வந்தது, அதில் மோட்டார் இல்லை. 2021இல் எஃப்டிஇசட் 2 வந்தது, அதிலும் இல்லை. லென்ஸ் சேரும், படம் வரும், ஃபோகஸை மட்டும் கையால் திருப்ப வேண்டும். தாலி கட்டும் அந்த ரெண்டு செகண்டில் கையால் திருப்பிப் பாருங்கள், தெரியும். கல்யாண வேலைக்கு ஆட்டோஃபோகஸ் வேண்டும் என்பவர்களோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அவர்களிடம் இருக்கும் லென்ஸுக்கு அது ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் சண்டை.

இடம் பத்தாது, பேட்டரி தாங்காது என்று யாராவது முட்டுக்கொடுத்தால் 2020ஐ நினைவுபடுத்துவேன். அந்த வருடம் சோனி தன் பழைய ஏ மவுண்ட் லென்ஸ்களுக்காக எல்ஏ-ஈஏ5 என்ற அடாப்டரை வெளியிட்டது. ஒல்லியான குழாய், அதற்குள்ளேயே திருகு மோட்டார். முடியும் என்று பக்கத்து வீட்டுக்காரன் செய்து காட்டிவிட்டான். உடனே சோனிக்குக் கோயில் கட்டவும் வேண்டாம். அந்த மோட்டார் ஆரம்பத்தில் ஏ7ஆர் 4, ஏ6600 என்ற இரண்டே பாடிகளில்தான் வேலை செய்தது. ஒரே குழாய், ஒரே மோட்டார், ஃபர்ம்வேர் சம்மதித்தால் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. 2011இல் ஈ மவுண்டின் அடிப்படை விவரங்களை மற்ற நிறுவனங்களுக்குக் கட்டணமில்லாமல் தரப்போவதாகச் சொன்னது இதே சோனிதான், இன்று அந்த மவுண்டில் இத்தனை கம்பெனி லென்ஸ்கள் கிடைக்க அது ஒரு முக்கியக் காரணம். நொடிக்கு 30 படம் எடுக்கும் ஏ1 கேமராவில் அந்த வெளி லென்ஸ்களுக்கு 15 படம்தான் என்று எல்லை போட்டதும் இதே சோனிதான்.

கேனனுக்குத் திரும்புவோம். 2022இல், ஆர்எஃப் மவுண்டுக்கு ஆட்டோஃபோகஸ் லென்ஸ் செய்துகொண்டிருந்த வில்ட்ராக்ஸ் என்ற சீன நிறுவனம் அவற்றின் விற்பனையை நிறுத்தியது. காப்புரிமை மீறல் என்றது கேனன். 2024 ஏப்ரலில்தான் சிக்மாவும் டாம்ரானும் அனுமதி பெற்று ஆர்எஃப் லென்ஸ்களை அறிவித்தன. எல்லாம் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாருக்கானவை. சட்டப்படி கேனன் பக்கம் நியாயம் இருக்கலாம், நான் வக்கீல் இல்லை. ஆனால் இதில் இயற்பியல் எங்கே இருக்கிறது? 20 மில்லிமீட்டர் எல்லோருக்கும் 20 மில்லிமீட்டர்தான்.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் என் பிழைப்பு. மென்பொருளில் அடாப்டர் என்பது நாங்கள் காலேஜிலேயே படிக்கும் ஒரு வடிவம். பழைய நிரல் ஒரு மாதிரி பேசும், புதியது வேறு மாதிரி பேசும், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வைப்போம். பெரும்பாலும் ஒரு வாரத்து வேலை. அந்த ஒரு வாரத்தைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பது எஞ்சினியர் இல்லை. சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு பழைய இணைப்பை மூடினோம். வாடிக்கையாளர்களுக்குப் போன மின்னஞ்சலில் 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்ற வார்த்தையைத் தட்டச்சு செய்தவன் நான். தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் இல்லை. மூடினால் புது பிளானுக்கு மாறுவார்கள், அதுதான் காரணம். சின்னக் கடைக்காரர் ஒருவர் பதில் போட்டிருந்தார், "சார், எங்களுக்குப் பழசே நல்லாத்தானே ஓடுது" என்று. அதற்கும் நான்தான் பதில் எழுதினேன், அதே வார்த்தையை வைத்து. அதிலிருந்து எந்த நிறுவனம் 'பொருந்தாது' என்று சொன்னாலும் எனக்கு அந்த மின்னஞ்சல்தான் கண்ணில் நிற்கும்.

மறுபக்கமும் ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களையும் விட்டுவைக்க முடியாது. பழைய லென்ஸ் பக்தர்கள். ஹீலியோஸ் 44-2 என்ற சோவியத் லென்ஸ், 58எம்எம் எஃப்/2, ஜெய்ஸ் பயோட்டாரின் வழிவந்தது. பின்னணி இலைகள் சுழல்போல வரும் என்பதற்காக அதைத் தலையில் வைத்துக் கூத்தாடுகிறார்கள். கேட்டால் கேரக்டர் என்பார்கள். ஓரத்தில் வரும் பிழைக்கு இவ்வளவு மரியாதை. அழகாக இருந்தால் ரசிப்போம், தப்பில்லை. ஆனால் சாதாரண, நேர்மையான, சுழலாத ஒரு 50எம்எம் லென்ஸை வைத்திருப்பவன் இந்தப் பேச்சில் இரண்டாம் முறையும் தோற்கிறான். கம்பெனிக்காரன் அது பழசு என்கிறான், பக்தன் அது போதுமான அளவுக்குப் பழசாக இல்லை என்கிறான். அது வெறுமனே நல்ல லென்ஸாக இருக்க இருவருமே விடமாட்டார்கள்.

இதற்கிடையில் வேலையைப் பார்ப்பவர்கள் சிறிய நிறுவனத்துக்காரர்கள். டெக்ஆர்ட் என்ற நிறுவனம் லைக்கா எம் லென்ஸ்களுக்கு ஓர் அடாப்டர் செய்தது. லென்ஸுக்குள் எதையும் தொடாமல் மொத்த லென்ஸையும் முன்னும் பின்னும் நகர்த்தி ஆட்டோஃபோகஸ் செய்யும். அதன்மேல் இன்னொரு வளையத்தைப் போட்டு மாமாவின் பென்டாக்ஸையே ஆட்டோஃபோகஸ் செய்ய வைக்கலாம். அதே நிறுவனம் சோனி லென்ஸை நிக்கான் இசட்டில் மாட்ட ஒரு வளையம் செய்தது. 18இலிருந்து 16ஐக் கழித்தால் 2 மில்லிமீட்டர், அந்தத் தடிமனுக்குள் மின்சுற்றும் அடக்கம். ஆட்டோஃபோகஸ் ஓடுகிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கேமராவை மாமாவிடம் கொடுத்தேன். கண்ணில் வைத்துப் பட்டனை அழுத்தினார். படம் விழவில்லை. மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் ஓடட்டும்' என்ற அமைப்பை நான் ஆன் செய்ய மறந்திருந்தேன். மின் தொடர்பு இல்லாததால் கேமராவின் கணக்கில் அங்கே லென்ஸே கிடையாது. திரையில் வந்த எழுத்தைப் படிக்கச் சொன்னார். லென்ஸ் பொருத்தப்படவில்லை என்று போட்டிருக்கிறது என்றேன்.

"அப்ப இது என்ன மருமகனே, பம்பரமா?"

அமைப்பை மாற்றிக் கொடுத்தேன். அபெர்ச்சர் வளையத்தை ஒருமுறை முழுக்கத் திருப்பி, ஒவ்வொரு கிளிக்காகக் கேட்டார். அத்தையைத் திண்ணையில் உட்கார வைத்து, வெளிச்சம் இந்தப் பக்கம், நாடியைக் கொஞ்சம் இறக்கு என்று பழைய ஸ்டுடியோக் குரலில் சொன்னார். பதினோரு படம் எடுத்தார், மூன்றில் ஃபோகஸ் விழுந்திருந்தது. அந்த மூன்றையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, குழாய் என்ன விலை என்று கேட்டார். சொன்னேன்.

"பீரோல 135 ஒண்ணும் கெடக்கு. அதுக்கும் இதே குழாய் சேருமால?"

சேரும் மாமா என்றேன். சாவியைத் தேடப் போனார்.