களஞ்சியம் நமது, திறப்பு எவரிடம்?

மல்லாவியில் நெல் மூட்டைக்கு விலை பேசுவோரிடையே இப்பொழுது வேறொரு பேச்சும் எழுந்திருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்களும், அரிசி ஆலைகளும், உரக் கடைகளும், மருந்தகங்களும் தத்தம் கணக்குகளைப் பேரேட்டிலிருந்து கணினிக்கு மாற்றி வருகின்றன. ஒரு கணினி போதாதபோது நான்கைந்து கணினிகளுக்குப் பொதுவாக ஒரு சேவையகம் தேவைப்படுகிறது. அந்தச் சேவையகத்தில் எந்தப் பணிசெயல் முறைமையை நிறுவுவது? மைக்ரோசொப்ட் கொம்பனியின் விண்டோஸ் சேர்வரையா, எவரும் எடுத்தாளத்தக்க லினக்ஸையா?

"இது கணினிக்காரன் தீர்க்கவேண்டிய காரியம், இதில் அரசியலுக்கும் சட்டத்துக்கும் என்ன வேலை?" என்று கேட்போர் உளர். அவர்களுக்கு மறுமொழி கூறவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சேவையகம் என்பது ஒரு நிறுவனத்தின் களஞ்சியம். கடன் கணக்கு, பங்குக் கணக்கு, நெல் வரவு, உரப் பற்று யாவும் அங்கேதான் குவிந்து கிடக்கின்றன. பணிசெயல் முறைமை அக்களஞ்சியத்தின் காவலன். உள்ளே வரத் தகுந்தவர் யார், எதை எடுக்கலாம், எதை எழுதலாம் என்பதை அவனே தீர்மானிக்கிறான். வவுனிக்குளத்தின் துருசை எண்ணிப் பாருங்கள். குளத்தில் நீர் நிறைந்திருந்தாலும், துருசைத் திறக்கும் அதிகாரம் நமது வயலையே கண்டறியாத ஒருவரிடம் இருக்குமாயின் அந்த நீர் யாருடையது? இதைக் கணினிக்காரனிடம் மட்டும் விட்டுவிடலாமா?

கொழும்பு கற்பித்த பாடம்

2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26 ஆம் நாள் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவை கப்பம் பறிக்கும் தீநிரலொன்றின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அரச அலுவலகங்களின் மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றில் அடங்கும். அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளப்பெற முடியாமற் போயின. வலையமைப்போடு இணைந்திருந்த காப்புப் பிரதியும் கெட்டது. தனியே எடுத்துவைத்த பிரதியோ அக்காலப்பகுதிக்கு இருக்கவில்லை.

காரணம் என்ன? அங்கே ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொப்ட் கொம்பனியின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பான அஞ்சல் சேவை மென்பொருள். அதற்குரிய திருத்தங்களை வழங்குவதை அக்கொம்பனி 2023 ஏப்பிரல் 11 உடன் நிறுத்திவிட்டது. 2021 முதலே புதிய பதிப்புக்கு மாற எண்ணியிருந்ததாகவும், நிதிப் பற்றாக்குறையாலும் முன்னைய சபையின் சில தீர்மானங்களாலும் அது தாமதித்ததாகவும் பொறுப்பான முகவர் நிலையமே கூறிற்று.

இதை ஊன்றிக் கவனியுங்கள். வரி அறவிடும் வல்லமையுள்ள ஓர் அரசாங்கமே புதுப்பிப்புக்குப் பணமில்லாமல் பழைய பூட்டோடு படுத்துறங்கிற்று. அரசாங்கத்துக்கே இந்தக் கதியென்றால், துணுக்காயிலும் மாங்குளத்திலும் உள்ள ஒரு சிறு சங்கம் என்ன செய்யும்?

எதிர்த்தரப்பின் வழக்கு

நாம் சட்டம் பயின்றவர்கள். எதிர்த்தரப்பின் வழக்கை அதன் முழு வலுவோடும் எடுத்துரைத்த பின்னரே நம் வழக்கைக் கூறுவது நமது முறை.

விண்டோஸின் பக்கம் நியாயம் உண்டு. நம் பிள்ளைகள் பெரும்பாலார் பள்ளிக்கூடத்தில் தொட்டுப் பழகியது அதைத்தான். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ கணினி திருத்துவோரை அழைத்தால், அவர்களில் பலருக்குத் தெரிந்ததும் அதுவே. ஊழியர்களின் பெயர்களையும் கடவுச்சொற்களையும் ஓரிடத்திலிருந்து ஆளுவதற்கு அதிலுள்ள ஏற்பாடு செப்பமானது. எல்லாவற்றிலும் மேலாக, ‘டலி’ போன்ற கணக்கியல் மென்பொருள்கள் விண்டோஸுக்கென்றே ஆக்கப்பட்டவை. கணக்காளர் கேட்கும் மென்பொருள் ஓடாத சேவையகம், மாடு பூட்ட முடியாத வண்டியைப் போன்றது. பிழை நேர்ந்தால் கேட்பதற்கு ஒரு கொம்பனி உண்டு என்பதும் ஓர் ஆறுதலே.

இவற்றை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் இந்த வசதிகளுக்கு நாம் கொடுக்கும் விலை என்ன?

டொலர்க் கணக்கு

விண்டோஸ் சேர்வர் கடையில் வாங்கும் மண்வெட்டியைப் போன்றதன்று. இயந்திரத்தின் மையச் செயலியில் எத்தனை கருக்கள் உண்டோ அத்தனைக்கும் அநுமதி பெறவேண்டும். இயந்திரம் எவ்வளவு சிறியதாயினும் 16 கருக்களுக்குக் குறையாமல் வாங்கியே தீரவேண்டும். அதன் மேல், அச்சேவையகத்தை அணுகும் ஒவ்வோர் ஆளுக்கோ கருவிக்கோ தனித்தனி அநுமதி வேண்டும். 25 பேருக்கு மேற்படாத சிறு நிறுவனங்களுக்கு மலிவான பதிப்பொன்று உண்டு; வளர்ந்து எல்லையைக் கடந்தால் மீண்டும் பெரிய படியில் ஏறவேண்டும்.

2022 ஆம் ஆண்டுப் பதிப்பின் சாதாரண வகைக்கு 16 கருக்களுக்கான பட்டியல் விலை 1,069 டொலர். ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தபோது அது 213,800 ரூபா. 2022 மார்ச் மாதத்தில் ரூபா கைவிடப்பட்டு, ஒரு டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது அதே பொருள் 384,840 ரூபா ஆயிற்று. பொருளில் ஓர் அணுவும் கூடவில்லை. நம் நெல்லின் தரமும் குறையவில்லை. ஆயினும் எங்கோ நடந்த நாணயக் கூத்துக்கு நம் உழவன் தண்டம் கட்டவேண்டி வந்தது. 2022 ஏப்பிரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்தமுடியாதென்று இந்நாடு கைவிரித்ததை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாட்டில் அன்றாடக் கணக்கெழுதும் உரிமையையும் டொலரில் வாங்கவேண்டுமா?

அதுவும் நிலையான உரிமையன்று. 2012 ஆம் ஆண்டுப் பதிப்புக்கான திருத்தங்கள் 2023 ஒக்டோபர் 10 உடன் நின்றன. 2016 ஆம் ஆண்டுப் பதிப்புக்குக் குறிக்கப்பட்ட முடிவுநாள் 2027 சனவரி 12. நாளைக் குறிப்பவர் அவர். பணத்தைத் தேடுபவர் நாம்.

களவுப் பிரதி என்னும் சாபம்

"யார் ஐயா காசு கொடுத்து வாங்குகிறார்கள்? ஒரு பிரதியைப் போட்டுத் தருகிறார்களே!" என்று சிலர் நம்மைப் பார்த்துச் சிரிக்கலாம். அந்தச் சிரிப்பிலேதான் ஆபத்து இருக்கிறது.

2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். உரிமை மீறிய கணினி நிரலென்று அறிந்தோ, அவ்வாறு நம்புவதற்கு நியாயமான காரணமிருந்தோ, அதனை வணிக ஆதாயத்துக்காக வேண்டுமென்றே பயன்படுத்துவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐந்து இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். பிரதியைப் போட்டுக்கொடுத்த இளைஞன் நீதிமன்றப் படிக்கட்டில் உங்களோடு வந்து நிற்கமாட்டான்.

சட்டத்தை விடவும் கொடிய தண்டனை ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் நிர்வாகிகள் எம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தனர். ஊரையும் பெயரையும் கூறோம். ஒருநாட் காலை சேவையகத்தைத் திறந்தபோது கணக்குகள் யாவும் பூட்டப்பட்டிருந்தன. திறப்பதற்குக் கப்பம் கேட்டு ஓர் அறிவித்தல் மட்டும் நின்றது. நிறுவப்பட்டிருந்தது களவுப் பிரதி. திருத்தம் எதுவும் ஏறாதபடி அடைக்கப்பட்டிருந்தது. காப்புப் பிரதியும் அதே இயந்திரத்துக்குள்ளேயே இருந்தது. பற்றுச்சீட்டுகளைத் திரட்டி மாதக்கணக்கில் பேரேட்டை மீள எழுதினார்கள். பற்றுச்சீட்டைத் தொலைத்துவிட்ட உழவனின் நிலை என்ன? கடனைத் தீர்த்துவிட்டேன் என்று சொல்பவனே அதை நிரூபிக்கவேண்டும் என்பது சட்டம். கட்டிய பணத்தை இரண்டாந்தரம் கட்டச் சொன்னபோது அந்த ஏழை கூப்பிய கையோடு நின்றான். யுத்தத்தில் காணி உறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும் இழந்து, ஆவணமற்றவன் படும் பாட்டை அறிந்த மக்கள் நாம். மீண்டும் அந்நிலைக்கு நம்மை நாமே தள்ளலாமா?

லினக்ஸின் வழக்கும் அதன் குறையும்

1991 ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் தொடக்கிவைத்த லினக்ஸ், இன்று உலகின் கூட்டுச் சொத்து. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், எத்தனை இயந்திரத்திலும் நிறுவலாம். ஆட்கணக்கும் இல்லை, கருக்கணக்கும் இல்லை. டெபியன் என்னும் வெளியீட்டைப் படமுக வழியில் நிறுவும்போது தமிழையே தெரிவுசெய்துகொள்ளலாம். நம் மொழிக்கு இடங்கேட்டு எந்தக் கொம்பனியின் வாசலிலும் மனுவோடு நிற்கவேண்டியதில்லை. மொழிபெயர்க்க வல்லவன் மொழிபெயர்த்துச் சேர்க்கலாம்.

அலுவலகக் கணினிகளில் விண்டோஸ் இருந்தாலும் பாதகமில்லை. நம் நெல்லின் பெயரையே கொண்ட ‘சம்பா’ என்னும் மென்பொருள், லினக்ஸ் சேவையகத்திலுள்ள கோப்புகளை விண்டோஸ் கணினிகளுக்குப் பகிர்ந்தளிக்கும்.

இது ஏழையின் பண்டமென்று எவரும் எள்ளவேண்டாம். 2017 நவம்பர் முதல் உலகின் அதிவேகக் கணினிகள் 500 இன் பட்டியலில் உள்ளவை அனைத்தும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. மைக்ரோசொப்ட்டின் சொந்த மேகச் சேவையிலேயே லினக்ஸின் பாவனை விண்டோஸை மிஞ்சிவிட்டதென்று 2019 இல் அக்கொம்பனியின் பொறியியலாளர் ஒருவரே தெரிவித்தார். எதிர்த்தரப்பின் சாட்சியே நம் பக்கம் பேசும்போது வேறு சாட்சி எதற்கு? 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இந்நாட்டு இளைஞர்கள் ஆக்கிய ‘சகானா’ என்னும் திறந்த மூல மென்பொருள் பின்னர் வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. ஆற்றலில் நாம் எவர்க்கும் குறைந்தவர்களல்லோம்.

ஆனால் நம் தரப்பின் குறையையும் மறைக்கமாட்டோம். இலவசம் என்பது செலவில்லை என்று பொருள்படாது. பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அவருக்கு ஊதியம் வேண்டும். வன்னியில் அத்தகையோர் இன்னும் அரியர். பல நிறுவனங்கள் நம்பியிருந்த ‘சென்ட்ஓஎஸ்’ 8 ஆம் பதிப்பை 2021 இறுதியோடு நிறுத்துவதாக ரெட்ஹற் கொம்பனி 2020 டிசெம்பரில் திடீரென அறிவித்தது. இங்கேயும் கைவிடல் உண்டு. எனினும் ஒரு வேற்றுமை காண்க: மூலநிரல் வெளியில் இருந்தமையால் ‘அல்மா’, ‘றொக்கி’ என்னும் மாற்று வெளியீடுகளை மற்றையோர் சில மாதங்களுக்குள்ளேயே ஆக்கிவிட்டனர். பூட்டிய கொம்பனி கைவிட்டால் அவ்வாறு எடுத்து வளர்க்க எவருக்கும் உரிமையில்லை.

லினக்ஸ் என்றால் கள்வன் அணுகான் என்பதும் மூடநம்பிக்கை. 2017 யூன் மாதத்தில் தென்கொரியாவின் ‘நயானா’ என்னும் நிறுவனத்தின் லினக்ஸ் சேவையகங்கள் 153 பூட்டப்பட்டு, ஏறத்தாழ பத்து இலட்சம் டொலர் கப்பம் கட்டப்பட்டது. அவர்கள் ஓட்டிக்கொண்டிருந்தது 2008 ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட பழைய கரு. பராமரியாத அணைக்கட்டு, யார் கட்டியதாயினும் உடையும்.

நமது தீர்ப்பு

இருதரப்பையும் கேட்டபின் நாம் சொல்வது இது. கணக்கியல் மென்பொருள் விண்டோஸ் இன்றி ஓடாது என்ற நிலையிலுள்ளோர் அதை முறைப்படி விலைகொடுத்து வாங்குக. முடிவுநாளைக் குறித்துவைத்து, அடுத்த பதிப்புக்கான பணத்தை இப்பொழுதே ஆண்டுதோறும் ஒதுக்குக. கோப்புப் பகிர்வுக்கும், இணையத்தளத்துக்கும், தரவுத்தளத்துக்கும், காப்புப் பிரதிக்கும் சேவையகம் தேடுவோர் லினக்ஸையே நாடுக. களவுப் பிரதியை மட்டும் எவரும் தொடவேண்டாம்.

எதை நிறுவினாலும் காப்புப் பிரதி மூன்று வேண்டும். அவற்றில் ஒன்றேனும் மின்கம்பியிலிருந்து பிரிக்கப்பட்டு வேறு கூரையின் கீழ் இருக்கவேண்டும். விதைநெல்லை உண்ணும் நெல்லோடு சேர்த்து வைப்பவன் உழவனாகான். இது கொழும்பு கொடுத்த விலையில் நாம் இலவசமாகப் பெற்ற பாடம்.

ஆள் இல்லை என்ற குறைக்கும் பரிகாரம் நம் கையிலேயே உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. 2021 இல் வவுனியாவும் தனிப் பல்கலைக்கழகம் பெற்றது. அங்கே கற்கும் பிள்ளைகள் நம் வயல்களிலிருந்து சென்றவர்கள். ஒவ்வொரு சங்கமும் தனித்தனியே டொலருக்கு அநுமதி வாங்கும் பணத்தில் ஒரு பகுதியைச் சேர்த்தால், ஐந்தாறு சங்கங்கள் கூடி ஒரு பயிற்சிபெற்ற இளைஞனை அல்லது யுவதியை வேலைக்கமர்த்தலாம். அப்பணம் ஊருக்குள்ளேயே சுழலும். அறிவும் ஊருக்குள்ளேயே நிற்கும். கூட்டுறவு என்ற சொல்லுக்கு இதைவிட வேறு பொருள் என்ன?

சங்க அங்கத்தவர்களே! அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நம் சேவையகத்தில் உள்ளது முறையான பிரதியா? அதற்குத் திருத்தம் வருவது எந்நாளில் நிற்கும்? இன்றிரவு அது பூட்டப்பட்டால் நாளைக் காலை எந்தப் பிரதியிலிருந்து என் கணக்கைக் காட்டுவீர்கள்? மறுமொழி கூறமுடியாத நிர்வாகத்தின் அறிக்கைக்குக் கையுயர்த்தாதீர்கள்.

நெல் நமது, வியர்வை நமது, கணக்கும் நமது. அதன் திறப்பும் நமதாகட்டும்!