"எங்களுடையது சரியான குர்திஷ் இல்லை"

குர்து மக்கள் என்றதும் நமக்குப் போர்ச் செய்திகள்தான் நினைவுக்கு வரும். துருக்கி, ஈரான், ஈராக், சிரியா என நான்கு நாடுகளில் பிரிந்து வாழும் இவர்கள் 3 கோடிக்கும் அதிகம். தனி நாடு இல்லை என்ற குறை தெரிந்ததுதான். ஆனால், தன் பேச்சை நினைத்துத் தானே கூச்சப்படும் குறையும் அவர்களில் பலருக்கு உண்டு. அது செய்தியில் வருவதில்லை.

மேற்கு ஈரானில் உள்ள கெர்மன்ஷா பெரிய நகரம். அந்த வட்டாரத்தில் பேசப்படுவது தெற்கு குர்திஷ். ஆனால் பள்ளியில் பாடமொழி பாரசீகம். அரசாங்க அலுவலகத்திலும் அதுதான். பாரசீகத்தோடு வட்டார மொழி இலக்கியத்தையும் கற்பிக்கலாம் என்று 1979ஆம் ஆண்டு அரசமைப்பின் 15ஆவது பிரிவு சொல்கிறது. நடைமுறையில், பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்பது பாரசீகத்தில்தான். அதனால், பள்ளிக்கூடத்தில் பிள்ளை திணறக்கூடாது என்று நினைக்கும் பெற்றோர் பலர் வீட்டிலும் பாரசீகத்துக்கு மாறிவிட்டார்கள். தாத்தா பாட்டி குர்திஷில் கேட்டால், பேரப்பிள்ளை பாரசீகத்தில் பதில் சொல்கிறது.

சரி, குர்திஷ் பேசும் மற்றவர்களிடம் போனால் ஆறுதல் கிடைக்குமா? அங்கேதான் இன்னொரு அடி. எல்லைக்கு அந்தப் பக்கம், ஈராக்கில், சுலைமானியா நகரத்துப் பேச்சை ஒட்டி வளர்ந்த சொரானி வழக்கு பாடநூல், நாளிதழ், தொலைக்காட்சி என்று நிலைபெற்றுவிட்டது. அதைக் கேட்டுப் பழகிய காதுக்குத் தெற்கு குர்திஷ் பாரசீகம் கலந்ததுபோல் ஒலிக்கிறது. அம்மாவைச் சுலைமானியாவில் 'டாய்க்' என்பார்கள். கெர்மன்ஷா பக்கம் 'டாலிக்'. இரண்டும் குர்திஷ்தான். ஆனால் அச்சில் அடிக்கடி வருவது முதல் சொல். இரண்டாவதைச் சொல்பவர் தான் சொல்வது தவறோ என்று தயங்குகிறார்.

இந்தத் தயக்கத்தை 1960களில் நியூயார்க்கில் ஆராய்ந்தவர் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர். ஒரு சொல்லை இரண்டு விதமாக உச்சரித்துக் காட்டி, "எது சரி? நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டார். சரி என்று ஒன்றைக் காட்டிவிட்டு, "நான் மற்றதைத்தான் சொல்கிறேன்" என்றவர்கள் இருந்தார்கள். தன் வாயில் வருவதே தவறு என்று ஒருவர் நம்பிவிட்டால், அதைப் பிள்ளைக்குக் கொடுக்க அவருக்கு எப்படி மனம் வரும்?

சொரானியும் ஆதிமுதல் அரியணையில் இருந்ததில்லை. சுலைமானியா நகரமே 1784இல்தான் உருவானது. அதற்கு முன் அந்த வட்டாரத்தில் இலக்கிய மதிப்போடு இருந்தது கோரானி. இன்று அந்த மொழிக்குழுவைச் சேர்ந்த ஹவ்ராமி, அழியும் ஆபத்தில் உள்ள மொழிகளில் ஒன்றாக யுனெஸ்கோவால் குறிக்கப்பட்டுள்ளது. அரசவையும் அச்சகமும் எந்தப் பக்கம் போகின்றனவோ, மதிப்பும் அந்தப் பக்கம் போகிறது. பேச்சின் தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பொதுவழக்கே வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. நான்கு நாடுகளில் சிதறிய மக்களுக்குப் பாடநூலும் செய்தியும் வேண்டும். ஈராக்கில் சொரானி அந்த வேலையைச் செய்திருக்கிறது. வட்டார வழக்கு அதற்குப் பக்கத்தில் உட்கார இடம் கிடைக்கிறதா என்பதே கேள்வி.

அந்த இடத்தைச் சிலர் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள். உதட்டைக் குவித்து 'ஈ' சொல்வது போன்ற ஓர் ஒலி தெற்கு குர்திஷில் உண்டு. சொரானி நெடுங்கணக்கில் அதற்கு எழுத்தில்லை. தெற்கு குர்திஷில் எழுதுகிறவர்கள் 'வாவ்' எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வைத்து அதை எழுதுகிறார்கள். சின்னப் புள்ளிகள்தாம். ஆனால் அவற்றைக் காணும் கெர்மன்ஷாப் பிள்ளை, தன் பாட்டியின் பேச்சும் எழுதக்கூடியதுதான் என்று தெரிந்துகொள்கிறது.

அந்தப் பிள்ளை பாட்டியிடம் இரண்டு வார்த்தை தப்பும் தவறுமாகப் பேசிப் பார்க்கும் நாளில், பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.