வால்வு இருந்தால் போதுமா?

வால்வு (வெற்றிடக் குழாய்) பொருத்திய சிடி பிளேயர்தான் இசையை உள்ளபடி தரும் என்ற வாதம் தவறு. சிடியில் இருப்பவை எண்கள்: நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். அவற்றை மின் அலையாக மாற்றுவது டிஏசி சிப். வால்வு அதற்குப் பின், வெளியீட்டுக் கட்டத்தில்தான் வேலை செய்கிறது. சிப் தவறவிட்டதை அதனால் மீட்க முடியாது. பலர் மெச்சும் இதமான ஒலி, பெரும்பாலும் வால்வு கூட்டும் சிதைவு. வீணைத் தந்தி 220 ஹெர்ட்ஸில் அதிர்ந்தால், பதிவில் உள்ளதற்கு மேல் 440 ஹெர்ட்ஸும் சற்றுச் சேரும். பிடித்தால் தாராளமாக வாங்கலாம். அசல் ஒலி என்று சொல்லி விற்கக் கூடாது.

கேரளத்தின் பொன்முடி மலையடிவாரத்து விதுரா போன்ற மழையூரில், பிளேயர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது லேசர் லென்ஸை. ஈரத்தில் அது மங்கினால் பாட்டு தாவித் தாவிப் போகும், பிறகு சிடியையே படிக்காது. மாற்று லேசர் கிடைக்காத பிளேயரில் எந்த வால்வு இருந்தும் பயனில்லை.