வார இறுதி லீக்: கேட்டைப் பூட்ட வேண்டாம், நேரத்தைத் திருத்துங்கள்



வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் இருக்கிறது. நம்மட ஊர்க் கழகம் நடத்துகிற வார இறுதி கிரிக்கெட் லீக்குக்குப் பாடசாலை மைதானத்தைத் தொடர்ந்து கொடுப்பதா, நிறுத்துவதா என்பது அதில் பேசப்பட இருக்கிறது. கூட்டத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தாலே பெரிய விடயம். அதுவும் முன்வரிசையில் இருக்கிறவர்கள் எல்லாம் பேசி முடித்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கு மைக் வரும். அதனால் சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்ட முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைதானத்தைக் கொடுக்க வேண்டும். ஆனால் இப்போது நடக்கிற மாதிரிக்கே நடத்துவதற்குக் கொடுக்கக் கூடாது.

பெற்றோர் சொல்கிற முறைப்பாடுகள் எல்லாம் எனக்குத் தெரியும். லீக் தொடங்கினால் சனிக்கிழமை வகுப்புகளில் பின்வாங்கு காலி. ஞாயிற்றுக்கிழமை அஹதிய்யாவில் ஆண் பிள்ளைகள் பாதிப்பேர் இல்லை. லுஹருக்குப் பாங்கு சொல்லும்போதும் ஸ்பீக்கரில் கொமென்டரி ஓடுகிறது. பின்னேரம் ஒரு எல்.பி.டபிள்யூவுக்காக இரண்டு பக்கமும் கைகலப்பு. ஒரு பிள்ளையின் வாப்பா தேநீர்க் கடையில் வைத்து என்னிடம், "சேர், அந்தக் கேட்டுக்கு ஒரு பூட்டைப் போடுங்க, எல்லாம் சரியாப் போகும்" என்று சொன்னார். சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிற மகன் இருக்கிற வீட்டில் அந்தக் கோபம் நியாயமானது.

ஆனால் பூட்டினால் பொடியன்மார் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள் என்று நினைப்பவர்கள், லீக் இல்லாத சனிக்கிழமையில் கடற்கரைப் பக்கம் ஒருமுறை நடந்து பாருங்கள். கையில் போன், காதில் ஹெட்செட், நாலு பேர் ஒரு மோட்டார் சைக்கிளில். அந்தக் கூட்டத்துக்குள் ஐஸ் வியாபாரியும் வந்து உட்காருகிறான். நம்மட பக்கத்து ஊர்களில் அந்தச் சனியன் எத்தனை வீட்டுக்குள் புகுந்துவிட்டது என்று நான் எழுதித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. மைதானத்தில் நிற்கிற பிள்ளையை ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது. அது சின்னப் பாதுகாப்பு இல்லை.

அப்படியானால் பிள்ளைகளின் நாளைத் தின்பது எது? ஒரு கணிதப் பாட ஆசிரியனாகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

நம்மட லீக்கில் ஒரு அணிக்கு 10 ஓவர். மென்பந்து. ஒரு ஓவருக்கு தாராளமாக 4 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இன்னிங்ஸ் 40 நிமிடம். இரண்டு இன்னிங்ஸும் 80 நிமிடம். இடையில் தண்ணீர் குடிக்க 10 நிமிடம். ஆக ஒரு மட்ச் ஒன்றரை மணித்தியாலம். காலை 7 மணிக்கு முதல் பந்து போட்டால் 8.30க்கு முதல் மட்ச் முடியும். 10 நிமிட இடைவெளி விட்டால் இரண்டாவது 10.10க்கு முடியும். மூன்றாவது 11.50க்கு முடியும். மூன்று மட்ச், ஆறு அணிகள், லுஹர் பாங்குக்கு முன்னமே மைதானம் வெறுமை. வெயில் ஏறி, கச்சான் காற்று புழுதியை அள்ளிக் கண்ணுக்குள் போடுவதற்கு முன்னமே எல்லோரும் வீட்டில்.

நடப்பது என்ன? 8 மணி என்று பேஸ்புக்கில் போஸ்டர் வரும். 8 மணிக்கு வருகிறவர்கள் சின்னப் பொடியன்மாரும் ஐஸ்கிரீம்காரரும்தான். 9 மணிக்கு ஒரு அணித்தலைவர் வந்து மற்ற அணித்தலைவருக்குக் கோல் எடுப்பார். விக்கெட் காப்பாளர் இன்னும் எழும்பவில்லை என்று பதில் வரும். நாணயச் சுழற்சி 9.45. பிறகு மட்டையில் பிரச்சினை, பிறகு பட்டியலில் இல்லாத வீரர் என்று வாக்குவாதம், பிறகு நடுவருக்கு ஆள் தேடுவது. முதல் நாளும் இறுதி நாளும் என்றால் கேட்கவே வேண்டாம், பிரதம அதிதி வரும்வரை இரண்டு அணியும் வரிசையில் வெயிலுக்குள் நிற்க வேண்டும். ஒருத்தருக்குப் பொன்னாடை போர்த்திப் படம் எடுக்கிற நேரத்தில் 4 ஓவர் போட்டு முடிக்கலாம். இப்படித்தான் ஒன்றரை மணித்தியால விளையாட்டு மஃரிப் வரைக்கும் இழுபடுகிறது. விளையாடுகிற 22 பேருக்காவது ஒரு மட்ச் கிடைக்கிறது. சுவரில் உட்கார்ந்திருக்கிற பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிடைப்பது காத்திருப்பு மட்டும்தான். வகுப்பும் போய், அஹதிய்யாவும் போய், விளையாட்டும் இல்லாமல் ஒரு நாள் முழுக்கப் போகிறது.

இதனால்தான் 7 மணி என்றால் 7 மணிக்கு வராத அணிக்கு அந்தப் போட்டி இல்லை என்று எழுத்தில் போட வேண்டும் என்கிறேன். 7.15 வரை பார்த்துவிட்டு எதிரணிக்குப் புள்ளியைக் கொடுத்துவிடுங்கள். இரண்டு கிழமை கொடுத்துப் பாருங்கள், மூன்றாவது கிழமை 6.45க்கே வந்து நிற்பார்கள். சுபஹுக்கு எழும்புகிற ஊரில் 7 மணி ஒரு பெரிய விடயமே இல்லை.

இன்னொரு விடயத்தைக் கழகத்துத் தம்பிமாரிடம் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வெளியூர் வீரர்கள். பரிசுப் பணம் ஏற ஏற, காசு கொடுத்து வீரர்களைக் கூட்டிவருவது வழக்கமாகிவிட்டது. ஒரு அணியில் நாலைந்து பேர் நம்மட ஊர் ஆட்களே இல்லை. வருகிற சகோதரர்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்லா விளையாடுகிறார்கள், விருந்தாளிகள். திறந்த சுற்றுப்போட்டி என்றால் தாராளமாக வரட்டும். ஆனால் இது ஊர் லீக். பாடசாலை மைதானம். இந்த மைதானத்தில் படிக்கிற பிள்ளை தண்ணீர்ப் போத்தல் தூக்குகிறான், வாய்க்காலுக்குள் விழுந்த பந்தை எடுத்துக் கொடுக்கிறான், எல்லைக்கொடி காற்றில் சாய்ந்தால் நட்டுவைக்கிறான். பெயர் மட்டும் அணிப் பட்டியலில் 14ஆவது ஆளாக இருக்கும், டீசேர்ட்டும் கிடைக்கும். ஒரு பந்துகூடக் கிடைக்காது.

என்ட யோசனை எளிமையானது. விளையாடுகிற 11 பேரில் இரண்டு பேர் 19 வயதுக்குட்பட்ட நம்மட ஊர் மாணவர்களாக இருக்க வேண்டும். பெயருக்குப் போட்டுவிட்டு எல்லைக்கோட்டில் நிறுத்தி வைக்கிற வேலையும் வேண்டாம். ஒருத்தன் ஒரு ஓவராவது வீச வேண்டும், மற்றவன் முதல் ஆறு பேருக்குள் துடுப்பெடுத்தாட வேண்டும். லீக்கில் 8 அணிகள் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் 16 பிள்ளைகள் உண்மையாக விளையாடுகிறார்கள். "தோத்துப் போவமே சேர்" என்று ஒரு தம்பி சொன்னார். இரண்டு பக்கத்துக்கும் ஒரே விதி என்றால் யார் தோற்பது?

இனி நான் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேச விரும்புகிற இடத்துக்கு வருகிறேன். பந்து.

நாம் விளையாடுவது டெனிஸ் பந்தில். அது கிட்டத்தட்ட 58 கிராம். கிரிக்கெட் விதிப்படியான கடின பந்து 156 முதல் 163 கிராம் வரை. நிறை மட்டும் இல்லை, விளையாட்டே வேறு. டெனிஸ் பந்தை முன்காலைத் தூக்கி லெக் பக்கம் சுழற்றி அடித்துப் பழகிய பொடியனிடம் கடின பந்தைக் கொடுத்தால் முதல் ஓவரிலேயே பயந்து பின்னுக்குப் போகிறான். தையலைப் பிடித்துப் பந்தை அசைக்க வேண்டும் என்பது நம்மட வேகப் பந்துவீச்சாளர்களுக்குத் தெரியாது. அவர்களில் குறையில்லை, தையல் உள்ள பந்து அவர்கள் கைக்கு வந்ததே இல்லை. பாடசாலை மட்டத்தில் 13, 15, 17, 19 வயதுப் பிரிவுகள் என்று நடக்கிற போட்டிகள் எல்லாம் கடின பந்தில்தான். மாகாணத் தெரிவும் அப்படித்தான். ஆக, நம்மட ஊரில் சிக்ஸருக்குப் பெயர் போன பிள்ளை, தெரிவு நடக்கிற இடத்துக்குப் போனால் அந்நியன்.

யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான "வடக்கின் பெரும் போர்" 1904இல் தொடங்கியது. எவ்வளவு இழப்புகளைப் பார்த்த மண் அது. அந்த மத்திய கல்லூரியில் படித்த வியாஸ்காந்த் என்ற தம்பி 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு விளையாடினார். 2024இல் ஐ.பி.எல்லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்குப் பந்துவீசினார். தமிழ் பேசுகிற பாடசாலைப் பிள்ளை. அவருக்குப் பின்னால் இருந்தது கடின பந்துப் பாடசாலைக் கிரிக்கெட். நம்மட சமூகத்திலிருந்து பர்வீஸ் மஹ்ரூபைத் தெரியாதவர்கள் இல்லை. 2006 சம்பியன்ஸ் கிண்ணத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 14 ஓட்டங்களுக்கு 6 விக்கெட். அவரும் கொழும்பு வெஸ்லி கல்லூரியில் கடின பந்தில் வளர்ந்தவர்தான்.

உடனே வருகிற கேள்வி காசு. 2022க்குப் பிறகு மட்டையும் பேட்டும் வாங்குகிற விலையிலா இருக்கிறது? உண்மைதான். ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாங்க வேண்டியதில்லை. களத்தில் ஒரே நேரத்தில் துடுப்பெடுத்தாடுவது இரண்டு பேர், கூட ஒரு விக்கெட் காப்பாளர். தலைக்கவசத்தோடு இரண்டு செட், காப்பாளருக்கு ஒரு செட், ஒரு மெட்டிங் விரிப்பு. இவ்வளவும் இருந்தால் ஊரே விளையாடலாம். ஒவ்வொரு வருடமும் ஆளுயரக் கிண்ணம் ஒன்று வாங்குகிறோம். கழக அறைக்குள் போய்ப் பாருங்கள், பழைய கிண்ணங்களுக்குள் பல்லி முட்டையிட்டிருக்கிறது. அனுசரணை தருகிற கடைக்கார நானாமாரிடம் கேட்டால், இந்த வருடக் கிண்ணக் காசைப் பேட்டுக்கும் தலைக்கவசத்துக்கும் தருவார்கள். கடையின் பெயரைத் தலைக்கவசத்தில் ஒட்டிவிடுவோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கடின பந்துக்கு ஒதுக்குங்கள், அது போதும். தலைக்கவசம் இல்லாமல் மட்டும் ஒரு பிள்ளையையும் இறக்க வேண்டாம், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சண்டையைப் பற்றி. துடுப்பெடுத்தாடுகிற அணியே நடுவரைத் தருகிற வழக்கம் இருக்கும்வரை சண்டை இருக்கும். தன் தம்பி எல்.பி.டபிள்யூ என்று எந்தக் காக்கா விரலைத் தூக்குவார்? அந்த நேரத்தில் விளையாடாத மூன்றாவது அணி இரண்டு பேரைத் தர வேண்டும். 2017 ஒக்டோபரிலிருந்து கிரிக்கெட் விதிகளில் வீரர்களின் நடத்தைக்கென்றே 42ஆம் விதி இருக்கிறது. நடுவரை அடிப்பேன் என்று மிரட்டுகிறவரை அந்தப் போட்டி முடியும்வரை வெளியே அனுப்பலாம், எதிரணிக்கு 5 ஓட்டம் கொடுக்கலாம். லோர்ட்ஸில் செல்லுபடியாகிறது நம்மட மைதானத்திலும் செல்லுபடியாகும்.

புள்ளிக் குறிப்பாளர் வேலையை என்ட மாணவர்களுக்குத் தாருங்கள். விதிப்படி இரண்டு பேர் வேண்டும். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு உடற்கல்வி எடுத்த விரிவுரையாளர், ஸ்கோர் புத்தகம் எழுதத் தெரியாதவன் கிரிக்கெட் பார்க்கவே கூடாது என்பார். கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அன்று பழகியதை வைத்துத்தான் இன்றைக்கும் ஒன்பதாம் வகுப்பில் சராசரி படிப்பிக்கிறேன். 6 ஓவரில் 41 ஓட்டம், 10 ஓவரில் 78 எடுக்க இனி ஓவருக்கு எத்தனை வேண்டும் என்று கேட்டால், பயிற்சிப் புத்தகத்தைத் தொடாத பொடியனும் விரலை மடக்குகிறான். சரியான விடையை முதலில் சொல்வது பெரும்பாலும் பெண் பிள்ளைகள்தான். அவர்களுக்கு விளையாட எங்கே இடம் என்பது தனியாக எழுத வேண்டிய கதை.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்துக்கு முன்னால் பிள்ளைகள் பொறுக்குகிற பிளாஸ்டிக் போத்தலையும் வெற்றிலைத் துப்பலையும் பற்றி அதிபர் பேசுவார், நான் விடுகிறேன்.

கழகத்துத் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை வரும்போது "நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று வாயால் சொல்ல வராதீர்கள். ஊர்ப் பெரியவர்கள் அதை எத்தனையோ தரம் கேட்டுவிட்டார்கள். மட்ச் தொடங்கும் நேரம், முடியும் நேரம், எந்த மட்சுக்கு எந்த அணி நடுவர் தருகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அஹதிய்யா முடிந்த பிறகுதான் மட்ச் என்பதையும் அதில் போடுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை 6.30க்குக் காவலாளியிடம் மைதானத் திறப்பை வாங்கி, முடிந்ததும் திருப்பிக் கொடுப்பவர் யார் என்று ஒரு பெயரும் தொலைபேசி இலக்கமும் கீழே இருக்கட்டும். அந்தத் தாளோடு நீங்கள் வந்தால், இரண்டு நிமிடம் கிடைக்கிறதோ இல்லையோ, எழும்பி உங்களுக்காகப் பேச நான் இருக்கிறேன்.