சுமை யாருடையது?

“அவன் தகப்பன் சிறை சென்றவன், அவ்வீட்டிலா சம்பந்தம்?” தூத்துக்குடியிலும் காயலிலும் பெண் கொடுக்கும் பேச்செழும்போது நாம் கேட்கும் சொல் இது. தொழுகை தவறாத நம்மவரே இதைச் சொல்கின்றனர். அதுவே நம் வேதனை!

தகப்பன் செய்த குற்றத்துக்கு மகனைக் கொல்வதை மூஸா (அலை) அவர்களின் சட்டம் தடுத்தது. உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் காணலாம். யூதா நாட்டு மன்னன் அமத்சியா, தன் தந்தையைக் கொன்றோரைத் தண்டித்தும், அச்சட்டத்துக்கு அஞ்சி அவர்தம் பிள்ளைகளை விட்டுவைத்தான். மூஸா, இப்ராஹீம் (அலை) ஆகியோரின் ஏடுகளில் இந்நெறி இருந்ததென நம் திருமறையின் அந்நஜ்ம் அத்தியாயமும் சான்று பகர்கிறது.

தந்தையர் பாவம் மூன்று நான்கு தலைமுறையைத் தொடருமென யாத்திராகமம் கூறவில்லையா என்பார் உளர். அது இறைவன் தன்வசம் வைத்த தீர்ப்பு. மனிதரின் நீதிமன்றத்துக்கு அளித்த அதிகாரமன்று.

அவ்வேதத்தைப் போற்றிய ஆங்கிலேயரோ, 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் பிறப்பையே குற்றமாக்கினர். கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டு வீழ்த்தினர். 1947-இல் இம்மாகாணம் அச்சட்டத்தை நீக்கியது. நம் திண்ணைகள் அதை இன்னும் நடத்துவதா?

ஒரு சிப்பியில் முத்தில்லை என்பதற்காகப் படகுச் சிப்பி முழுவதையும் கடலில் கொட்டியவர், முத்துக்குளித்த இக்கரையில் உண்டோ? பெரியோர்களே! பிள்ளையை அவன் நடத்தையால் நிறுத்துப் பாருங்கள். மறுமையில் நம் கையில் தரப்படுவது நம் ஏடே. நம் தகப்பனுடையது அன்று.