மயிலிட்டியில் நிற்கிற படகுகள்

போன வருசம் மாரி தொடங்க முன்னம் எங்கட மாமாவின்ர எஞ்சின் களவு போனது. 15 குதிரைவலு யமஹா. வழக்கமா தொழிலால வந்ததும் கழற்றித் தோளில் வைச்சு வீட்டுக்குக் கொண்டு வந்திடுவார். அண்டைக்கு மட்டும் அலுப்பில படகோட விட்டிட்டார். விடியப்புறம் போய்ப் பார்த்தால் படகு நிக்குது, எஞ்சின் இல்லை.

மூன்று கிழமையில் ஆள் பிடிபட்டது, எஞ்சினும் பிடிபட்டது. மேல்மூடிக்கு வேற நிறம் அடிச்சிருந்தாங்கள். ஆனால் கைபிடியில் மாமா சுத்தியிருந்த பச்சை வலைநூலை அவிழ்க்க மறந்து போனாங்கள். அதை வைச்சுத்தான் அவர் அடையாளம் காட்டினார். வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். பிறகுதான் விளங்கினது, அது இப்ப எஞ்சின் இல்லை, சான்றுப்பொருள். வழக்கு முடியும் வரை ஒரு பொலிஸ் நிலைய வளவில் வேப்பமரத்துக்குக் கீழே கிடந்தது. நாலு மாதம் மாமா கூலிக்கு ஆற்றையோ படகில் போனார்.

இந்தக் கதையை ஏன் சொல்லுறன் எண்டால், மயிலிட்டித் துறைமுகத்துக்குப் போகும் போதெல்லாம் எனக்கு அந்த வேப்பமரம்தான் ஞாபகம் வருகுது. அங்கே கட்டி வைச்சிருக்கிற இந்திய றோலர்களும் அப்படித்தான் நிக்குது. கடற்படை பிடிச்சுக் கொண்டு வந்து விடும். ஆட்களை நீரியல்வளத் திணைக்களம் பொறுப்பெடுத்து மல்லாகத்திலோ ஊர்காவற்றுறையிலோ நீதவான் முன் நிறுத்தும். ஆட்கள் பெரும்பாலும் ஒத்திவைக்கப்பட்ட தண்டனையோடு சில கிழமைகளில் ஊருக்குப் போயிடுவினம். படகு நிக்கும். சொந்தக்காரர் நேரில் வந்து உரிமை கோர வேண்டும், வராவிட்டால் அரசுடைமை. அதுக்கிடையில் மரம் உளுத்து, ஆணி கறள் பிடிச்சு, ஒரு மாரி அடிக்க நிண்ட இடத்திலேயே தாண்டு போகுது. தாண்ட படகிலிருந்து டீசலும் கழிவு ஒயிலும் வான் முழுக்கப் பரவும்.

தமிழ்நாட்டில் இதை "இலங்கை எங்கட படகுகளைப் பறிச்சு வைச்சிருக்கு" எண்டு எழுதுகினம். இங்கே "எங்கட கடலைக் களவெடுத்த படகுகள்" எண்டு எழுதுகிறோம். நான் இரண்டாவது பக்கம்தான், அதை மறைக்கப் போவதில்லை. திங்கள், புதன், சனி எண்டால் எங்கட ஆட்கள் கடலுக்கு வலை கொண்டு போகப் பயப்படுகிற நாட்கள். அந்த இரவுகளில்தான் இராமேஸ்வரம் பக்கத்து றோலர்கள் வரிசையா வரும், கரையில் நிண்டாலே வெளிச்சம் தெரியும். அடிமடியால கடலின் நிலத்தையே வழிச்சுக் கொண்டு போகும், குறுக்கே கிடக்கிற எங்கட வலையையும் சேர்த்து. ஒரு இரவில் லட்சக்கணக்கான வலை அறுந்து போனவையை எங்கட ஊரில் எண்ணத் தேவையில்லை, கையைத் தூக்கச் சொன்னால் போதும்.

ஆனால் என்னை உறுத்துகிற கேள்வி வேற. பிடிச்ச படகால் வலை அறுந்தவனுக்கு என்ன கிடைச்சது?

2022 பெப்ரவரியில் காரைநகர், காங்கேசன்துறை, கிராஞ்சி, தலைமன்னார், கற்பிட்டி எண்டு ஐந்து இடங்களில் 105 படகுகளை ஏலம் விடுவதாக அரசாங்கம் அறிவித்தது. தமிழ்நாட்டில் பெரிய கொந்தளிப்பு, முதலமைச்சர் டில்லிக்குக் கடிதம் எழுதினார். அங்கே கைவிடப்பட்ட படகுக்கு அந்த மாநில அரசு, விசைப்படகு ஒன்றுக்கு 5 லட்சம் இந்திய ரூபாய் எண்ட கணக்கில் நிவாரணமும் கொடுத்தது. சரி, படகு போனவனுக்கு அவனுடைய அரசு ஏதோ செய்தது. வலை போனவனுக்கு? ஏலக் காசு அரசாங்கத்துக்கு. எங்கட சங்கத்து அலுமாரியில் முறைப்பாட்டுக் கடிதங்களின் பிரதிகள் மட்டும் கட்டுக்கட்டாய் இருக்கு.

2018இல் வெளிநாட்டுப் படகுச் சட்டத்தைத் திருத்தி அபராதத்தைக் கோடிக்கணக்கில் ஏற்றினார்கள். தாளில் பார்க்கப் பயமாத்தான் இருக்கு. படகுக்குச் சொந்தக்காரர் இராமேஸ்வரத்திலேயோ நாகப்பட்டினத்திலேயோ இருப்பார், கடலில் பிடிபடுவது அவருடைய கூலிக்காரன். "ஆட்களை விடுங்கோ, படகை வைச்சிருங்கோ" எண்டு 2014இல் யோசனை சொன்னவர் சுப்பிரமணியன் சுவாமி. அவரோடு எனக்கு ஒத்துப்போகிற விசயம் அதிகம் இல்லை. ஆனால் படகுதான் முதலாளிக்கு வலிக்கிற இடம் எண்ட அந்தக் கணக்கு பிழையில்லை. வைச்சிருக்கிற படகை என்ன செய்யிறது எண்டுதான் ஒருத்தரும் யோசிக்கேல்லை.

யோசிக்காததின் விலையை மயிலிட்டி கட்டுது. இந்தத் துறைமுகம் எங்களிட்டத் திரும்பி வந்த கதை தெரியாதவைக்கு ஒரு வரி: 1990 ஜூனில் ஊர் முழுக்க இடம்பெயர்ந்தது, உயர் பாதுகாப்பு வலயம் எண்டு கம்பி அடிச்சார்கள், 2017 ஜூலையில்தான் துறைமுகம் விடுபட்டது. 27 வருசம். அம்மம்மா முகாமிலேயே செத்துப் போனா, பார்க்காமல். இலங்கையின் பெரிய மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று எண்டு சொல்லிச் சொல்லி வளர்த்த இடம். அதைத் திருத்தி, ஆழமாக்கி, கட்டங்கட்டமா வேலை செய்து, 2025 செப்டெம்பரில் மூன்றாம் கட்டத்துக்கு ஜனாதிபதி வந்து தொடக்கி வைச்சார். நல்லது. ஆனால் உள்ளே வந்து பாருங்கோ. ஒரு பக்கம் தெற்கிலிருந்து வருகிற நெடுநாள் படகுகள், ஒரு பக்கம் பிடிபட்ட றோலர்கள். 18 அடிப் பைபர் படகுக்காரன் எங்க கட்டுறது? 27 வருசம் கழிச்சுத் திரும்பி வந்த இடத்தில் ஒதுங்கி நிக்கிறது எங்கட பழக்கமாப் போச்சு.

எனக்குத் தெரிந்தவரையில் செய்யக்கூடியது இருக்கு. பிடிச்ச படகுக்கு ஒரு காலக்கெடு வையுங்கோ, ஆறு மாதம் எண்டு வைச்சுக் கொள்ளுங்கோ. அதுக்குள் சொந்தக்காரர் வந்து அபராதமும் கட்டி, அடிமடியைக் கைவிடுவதாக எழுதியும் கொடுத்தால் கொண்டு போகட்டும். வராவிட்டால் உடைச்சு விற்கிறது. எஞ்சினும் இரும்பும் நல்ல விலை போகும், உளுத்த பிறகு விறகு விலைதான். அந்தக் காசு கொழும்புக்குப் போகாமல், வலை அறுந்ததெண்டு சங்கத்தில் பதிஞ்சவைக்குப் போக வேணும். 2021இல் பழைய பஸ்களை நெடுந்தீவுக் கடலில் இறக்கி மீன் பெருக இடம் செய்தவைக்கு, ஒயில் துடைச்ச மரப்படகு ஒன்றை இறக்குவது பெரிய வேலையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேணும், சொன்னால் சில அண்ணமார் கோபிப்பினம். அடிமடி எங்கட நாட்டிலும் 2017இல் இருந்து சட்டவிரோதம். எண்டாலும் குருநகரிலும் பேசாலையிலும் உள்ளூர் றோலர்கள் இப்பவும் போகுது. அவையும் கடன்பட்டவை, தொழிலாளர், அது எனக்குத் தெரியும். அதே காரணத்தைத்தான் இராமேஸ்வரத்துக்காரனும் சொல்லுறான். அங்கே 80 லட்ச ரூபாயில் ஆழ்கடல் சூரைப் படகு கொடுத்து றோலரை நிறுத்துகிற திட்டம் 2017இல் தொடங்கி, மூன்று வருசத்தில் 2,000 படகு எண்டு சொன்னார்கள். அந்த எண்ணிக்கைக்குக் கிட்டவும் போகேல்லை. இங்கே அப்படி ஒரு திட்டம் இருக்கிறதாக எனக்குத் தெரியாது.

கட்டி வைச்ச றோலர்களில் பற்றரியும் கம்பியும் காணாமல் போகுதெண்டு துறைமுகத்தில் ஒருத்தரிடம் கேட்டேன். சிரிச்சார். "களவெடுத்த படகில களவெடுத்தா அது களவோ தம்பி?" எண்டார். நானும் சிரிச்சுப் போட்டன். வீட்டுக்கு வந்து மாமாவைப் பார்த்தபோதுதான் சிரிப்பு நிண்டது. அவரின்ர எஞ்சினை எடுத்தவனும் அப்படி ஏதோ ஒரு நியாயம் வைச்சிருந்திருப்பான்.

எஞ்சின் ஐந்தாம் மாதம் கைக்கு வந்தது. காபரேற்றருக்குள் எறும்பு கூடு கட்டியிருந்தது. துப்புரவாக்கி, பிளக் மாத்தி, மூன்று நாள் இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆச்சு. பச்சை நூல் இன்னும் கைபிடியில் இருக்கு. நாளைக்குச் சனிக்கிழமை, மாமா கடலுக்குப் போகமாட்டார்.